இடது பக்கம் திரும்பாத பஸ்

"வயர் வெச்சதா, வயர் இல்லாததா மேடம்?" என்று கடைக்காரன் கேட்டதுமே வேதவல்லிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. சாமான் வாங்க வந்தால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, அதில் என்ன கேள்வி, சம்பந்தம் பேச வந்த வீட்டில் விசாரிக்கிற மாதிரி. "ரெண்டையும் காட்டுப்பா" என்றாள். ரெண்டும் கடையில் இல்லையாம், பின்சந்தில் குடோனில் இருக்கிறதாம். "அஞ்சே நிமிஷம் மேடம், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, கடையைப் பப்பரப்பா என்று திறந்து போட்டபடியே படியிறங்கிப் போய்விட்டான். அவன் போய்ப் பத்து நிமிஷமாகிறது. உட்காரச் சொல்லிக் காட்டிய ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. கடை என்றால் இதுவும் ஒரு கடையா, ரிச்சி தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில், மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் மூச்சு விட முடியாத பொந்து. சுவரெல்லாம் கறுப்பு வயர் தொங்குகிறது. எதிரே ஒரு படத்தில் முகமூடி போட்ட ஒருவன் துப்பாக்கியை அவள் நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், சுட்டுத் தொலையேன்டா என்று அவனைப் பார்த்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்துக் கடை வாசலில் தொந்தியும் வழுக்கையுமாக ஒரு ஆள், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை வேறு, கீபோர்டில் எந்தப் பட்டன் சிவப்பாக எரியும் எது பச்சையாக எரியும் என்று உயிரே போகிற மாதிரி விசாரித்துக்கொண்டிருக்கிறான். இவனுக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாள், அவள் இந்த நேரம் எங்கேயோ ரேஷன் வரிசையில் நிற்பாள். வேதவல்லிக்கு யாரென்று தெரியாத அந்தப் பெண்டாட்டிமேல் பரிதாபம் வந்தது, உடனே அந்தப் பரிதாபத்தின்மேலேயே கோபம் வந்தது. ஏனென்றால் அவளும் இங்கே விளையாட்டுச் சாமான் வாங்கத்தானே வந்திருக்கிறாள். இருபத்தாறு வருஷமாக அறிவியல் டீச்சர். பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி மேஜை இழுப்பறையில் போட்டவற்றை அடுக்கினால் இந்தக் கடையை நிரப்பலாம். பம்பரம், சீட்டுக்கட்டு, செங்கல் அடுக்கி விளையாடுகிற அந்தச் சின்ன மஞ்சள் டப்பா, அப்புறம் போன், போன், போன். "பரீட்சை முடியட்டும், உங்கப்பாவைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோ" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். இப்போது அப்பனுக்கே வாங்க வந்திருக்கிறாள். நல்ல பிழைப்பு.

அப்பன் என்றால் அவள் வீட்டுக்காரர்தான், சிகாமணி. வயது ஐம்பத்தைந்து. இந்த நேரத்துக்கு அவர் பெரம்பூர் வீட்டின் முன்னறையில், பூனாவில் வேலைக்குப் போன மகள் விட்டுப்போன கம்ப்யூட்டருக்கு முன்னால், பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். பஸ். சிரிக்காதீர்கள் என்று யாரிடமோ சொல்கிற மாதிரி வேதவல்லி உதட்டைச் சுழித்துக்கொண்டாள். மற்ற வீடுகளில் வேலை போன ஆம்பிளை குடிக்கிறான், சீட்டாடுகிறான், கோயில் கோயிலாகப் போய்ப் பிரசாதம் தின்கிறான், ஏதோ ஊரறிந்த வியாதி. சொன்னால் நாலு பேர் 'அடடா' என்பார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது, என் புருஷன் காலை எட்டு இருபதுக்குக் குளித்து, சட்டை மாட்டி, தலை வாரி, கம்ப்யூட்டரில் அரசாங்க பஸ் ஓட்ட உட்காருகிறார் என்று? எட்டு இருபதுதான் கணக்கு. இருபத்தேழு வருஷம் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்த நேரம். அம்பத்தூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருந்தார், ஒரு இரும்புத் துண்டைக் கட்டைவிரலால் தடவியே எங்கே பிசகு என்று சொல்வாராம். பதினாலு மாதத்துக்கு முன்னால் அந்த யூனிட்டையே மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த மனுஷன் பேசிய வார்த்தையை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் பாதி 'ம்'. யாரோ வேலையற்றவர்கள் நம்மூர் ரோடெல்லாம் அப்படியே அந்த விளையாட்டுக்குள் போட்டு வைத்திருக்கிறார்களாம், புளியமரம், வேகத்தடை, சோடாக்கடை எல்லாம் உண்டு. வேகமாகப் போய் எதையாவது இடித்துத் தள்ளினாலாவது விளையாட்டு என்று சொல்லலாம். இவர் நாற்பதைத் தாண்ட மாட்டார். ஸ்டாப் வந்தால் நிறுத்துவார், கதவைத் திறப்பார், பொம்மை ஜனங்கள் ஒவ்வொருவராக ஏறி முடிக்கும்வரை ஸ்டியரிங்கே இல்லாத மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு காத்திருப்பார். வீட்டுப் பெண்டாட்டி மார்க்கெட் பையோடு வாசல் கதவைத் தட்டினால் திறக்க ஆளில்லை, பொம்மைக் கிழவி ஏறக் கதவு திறந்தே கிடக்கும். பதினோரு மணிக்கு டீ நேரம். பஸ்ஸை ஸ்டாண்டில் போட்டுவிட்டு எழுந்து போய் நிஜமான பிளாஸ்கிலிருந்து நிஜமான டீயை ஊற்றிக் குடிப்பார். கண்றாவி.

போதாக்குறைக்கு இப்போது ஒன்பது நாளாகக் கீபோர்டில் இடது பக்க அம்புக்குறி வேலை செய்வதில்லை. தேய்ந்து போய்விட்டது. ஒரு பட்டன் தேய்கிற அளவுக்கு ஒரு மனுஷன் இடது பக்கம் திரும்பியிருக்கிறான் என்றால் அந்த ஜென்மத்தை என்ன சொல்ல. சரி, போய்விட்டது, வேறு வாங்க வேண்டும், அல்லது மூடி வைக்க வேண்டும், அல்லது ஆத்திரத்தில் தூக்கிப் போட்டு உடைக்கவாவது வேண்டும். எதுவும் செய்யவில்லை. இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நேரே போய், மூன்று தடவை வலது பக்கமாகத் திருப்பி, ஒரு தெருவையே சுற்றிக்கொண்டு வந்து, இடது பக்க ரோட்டில் சேர்ந்துகொள்கிறார். முதல் நாள் அதைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். இது பொறுமை இல்லை, பொறுமையாவது மண்ணாவது, இது துப்பு கெட்டத்தனம். கம்பெனியை மூடியபோதும் இப்படித்தான். மற்றவர்களெல்லாம் கேட்டில் உட்கார்ந்து கத்தினார்கள், இவர் கணக்குத் தீர்த்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். நேரே போய் மூன்று தடவை வலது பக்கம். மகள்தான் போனில் சொன்னாள், "அம்மா, அப்பாவுக்கு கீபோர்டு வேணாம்மா, விரல் வலிக்குதுன்னார். கேம்பேட் ஒண்ணு வாங்கிக் குடு, கையில புடிச்சுட்டு சாஞ்சு உக்காந்து ஓட்டலாம்." விரல் வலிக்கிறது என்று பூனாவுக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது, சமையலறைக்குச் சொல்லத் தெரியவில்லை. வீடே பற்றி எரிந்தாலும் அந்த மனுஷனுக்குப் பஸ்ஸின் முன்கண்ணாடிதான் தெரியும். வேதவல்லி கைப்பையை மடிக்கு இழுத்து, ஜிப்பைத் திறந்து, உள்ளே விரல் விட்டுத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு காகிதங்களும் இருந்தன.

ஒன்று பதவி உயர்வு ஆணை. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை, கடையநல்லூர் பக்கம், திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். இன்னொன்று, பதவி உயர்வு வேண்டாம் என்று அவளே கைப்பட எழுதிய கடிதம், கையெழுத்து மட்டும் பாக்கி. அதைக் கொடுத்தால் மூன்று வருஷத்துக்குப் பட்டியலில் பெயரே வராது, அதற்கப்புறம் ஓய்வுக்கு எத்தனை வருஷம்தான் மிச்சம். இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தாள். நேற்றுவரை இரண்டும் பத்தாம் வகுப்பு பி பிரிவு காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுக்கு நடுவில் ஒளிந்திருந்தன, திருத்தி முடித்த கட்டு, பீரோமேல். அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது, அறிவியல் விடைத்தாளை யார் தொடப் போகிறார்கள். இன்று காலை நூலை அவிழ்க்க நேரமில்லாமல், முடிச்சு வேறு ஏனோ கல்லாக இறுகியிருந்தது, மூலையைப் பிடித்து அப்படியே உருவிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். கலந்தாய்வு நடந்த கூடம் நினைவுக்கு வந்தால் இப்போதும் காது சூடாகிறது. பெரிய திரையில் காலியிடங்கள் வரிசையாக ஓடின. பொன்னேரி பக்கத்தில் ஒரு பள்ளி இருந்தது. திருத்தணி ரோட்டில் ஒன்று இருந்தது. இரண்டும் வீட்டிலிருந்து போய் வரலாம். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், போய் உட்கார்ந்தாள், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார் அதிகாரி. பொன்னேரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "கடையநல்லூர்" என்று வந்தது. "சொந்த ஊரா?" என்றார். "இல்லைங்க." "சொந்தக்காரங்க இருக்காங்களா?" "இல்லைங்க." அந்த ஆள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் அழுத்திவிட்டார், முடிந்தது. அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. ஒரு ராத்திரி முழுக்க ரயில் என்பது மட்டும் தெரியும். அன்றைக்குக் காலையில் "இன்னிக்குத்தான் பிரமோஷன் கலந்தாய்வு" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். "ம்" என்றார். திரும்பி வந்து, "ஆர்டர் இன்னும் வரலை" என்று பொய் சொன்னாள். அதற்கும் "ம்." எந்த ஊர் கேட்டே, கிடைக்குமா, கிடைக்காதா, ஒரு வார்த்தை? அதுதான். அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் பொன்னேரி என்று சொல்லியிருப்பாள். இல்லை, வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாளோ? இந்த இடத்தில் வந்ததும் ஒவ்வொரு தடவையும் யோசனை நின்றுவிடுகிறது, சேலை ஆணியில் மாட்டிக்கொண்ட மாதிரி. போவது என்றால் போக வேண்டும். ஆனால் அந்த மனுஷனை, ஒரு பக்கம் மட்டும் திரும்புகிற பஸ்ஸோடு விட்டுவிட்டு எப்படிப் போவது? அதனால்தான் இன்று காலை தனக்குத் தானே ஒரு முடிவு கட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்தச் சனியனை வாங்கிக் கொடுத்துவிட்டால் போகலாம். வாங்காமல் வந்தால், இருந்து சண்டை போட்டு மனுஷனை எழுப்ப வேண்டும், இரண்டாவது காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு விளையாட்டுச் சாமான் தன் வாழ்க்கையை முடிவு செய்கிறது என்று நினைக்க அவளுக்கே கேவலமாக இருந்தது. இப்படித்தான் பிள்ளைகள் பூவா தலையா போடுகிறார்கள், இதற்குத்தான் அவர்களை வெளியே நிறுத்துகிறாள்.

கடைக்காரன் வந்தான், வேர்வை வழிய, கையில் இரண்டு அட்டைப்பெட்டி. முப்பது வயது இருக்கும், தாடி, பெயர் பர்வேஸ் என்று பில் புத்தகத்துக்குமேல் ஒட்டியிருந்தது. தன்னிடம் படித்தவனாக இருப்பானோ என்று ஒரு கணம் பார்த்தாள், முப்பது வயசுக்காரன் எவனைப் பார்த்தாலும் வருகிற சந்தேகம்தான். இல்லை. "என்ன கேம் மேடம் ஆடுவாங்க, பையனா?" என்று கேட்டான். வேதவல்லி வாயைத் திறந்து, மூடி, "பஸ் ஓட்டுற விளையாட்டு" என்றாள். யாருக்கு என்பதைச் சொல்லவில்லை. "கீபோர்டுல லெஃப்ட் பட்டன் போயிடுச்சு, வண்டி திரும்ப மாட்டேங்குது, அதான்." பர்வேஸ் சிரித்தான், நல்ல சிரிப்புதான், அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "அதுக்கு ஏன் மேடம் வீணா செலவு? லெஃப்ட் அம்புக்குறி போனா 'ஏ' பட்டன் இருக்கே. ஏ அமுக்குனா லெஃப்ட்டு, டி அமுக்குனா ரைட்டு. எல்லா கேமுலயும் அதான். போய்ச் சொல்லுங்க, ஒரு பைசா செலவில்ல." ஏ பட்டன். ஒன்பது நாளாக அந்த மனுஷன் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், எழுத்துகளிலெல்லாம் முதல் எழுத்து, சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. அடக் கடவுளே, இப்படியும் ஒரு மக்கு. வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போகிற வாக்கியம் நாக்கில் தயாராகிவிட்டது, எந்த இடத்தில் நிறுத்தி எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பது உள்பட. பத்தாம் வகுப்பு சி பிரிவையே ஒரு வாக்கியத்தில் குனிய வைக்கிறவள். அப்புறம் மெதுவாகத்தான் உறைத்தது. அப்படியானால் இது தேவையில்லை. ஏ பட்டனைச் சொல்லிவிட்டால் பஸ் இரண்டு பக்கமும் திரும்பும். ஒன்றும் வாங்காமலே எழுந்து போகலாம். எழுந்து போக வேண்டியதுதான். பையை எடுத்தாள், தோளில் மாட்டினாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. அவருக்குத் தேவையில்லை, அப்படியென்றால் இது யாருக்குத் தேவை? பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவள் அதன் கையில் ஒரு பொம்மையைத் திணித்துவிட்டு ஓடுவாளே, அது பிள்ளைக்கா, அவளுக்கா? மகள் சின்னவளாக இருந்தபோது இவள் அப்படி எத்தனை பொம்மை வாங்கிக் கொடுத்திருக்கிறாள், ஒன்றாவது மகள் கேட்டதா? தலைமையாசிரியை. தூ. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு காலையில் இறைவணக்கத்தில் நிற்கப் போகிறாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தன்மேல் வருகிற வெறுப்பு மட்டும் எப்போதும் சுத்தமாக, கலப்படம் இல்லாமல் வருகிறது.

"பரவால்ல. எடு. விரல் வலிக்குதாம்" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யார் குரலோ மாதிரி கேட்டது. "அப்ப ஓட்டிப் பாத்துடுங்க மேடம்." "நானா?" "வாங்குறவங்கதான் பாக்கணும். இந்தத் தெருவுல அதான் பழக்கம். படியிறங்கிட்டா ரிட்டர்ன் கிடையாது, நான் பொறுப்பில்ல. எல்லாப் பட்டனும் அமுக்கிப் பாத்து சரின்னு நீங்க சொன்னாதான் பில்லே போடுவேன்." இதென்ன கூத்து. புடவைக்கடையில் சாயம் போகுமா என்று நுனியை நனைத்துப் பார்ப்பாள், தேங்காயை ஆட்டிப் பார்ப்பாள், இது என்ன வழக்கம், ஐம்பத்திரண்டு வயதில், காட்டன் புடவையும் கண்ணாடியும் பள்ளிக்கூட முகமுமாக, நாலு பேர் பார்க்கத் திறந்த கடையில் உட்கார்ந்து விளையாட்டு வண்டி ஓட்ட வேண்டுமாம். பக்கத்துக்கடைத் தொந்திக்காரன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். பார்த்துத் தொலை. பர்வேஸ் அதைக் கையில் வைத்தான். அவள் நினைத்ததைவிடக் கனம். உள்ளங்கைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது, கட்டைவிரல் இரண்டும் தாமாகவே போய் இரண்டு குமிழ்மேல் ஏறிக்கொண்டன, யாரோ அவள் கையை முன்பே அளந்து வைத்திருந்த மாதிரி. கடை மூலையில் வைத்திருந்த திரையில் ஒரு சிவப்புக் கார். "லெஃப்ட் குமிழைத் தள்ளுங்க." தள்ளினாள், கார் இடது பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், ஒரு வெட்கமும் இல்லாமல் திரும்பியது. அவளுக்கு உள்ளே ஏதோ ஒரு சின்னச் சந்தோஷம் துள்ளியதை உடனே அடக்கிக்கொண்டாள். "வலது பக்க விசையை அமுக்குனா வேகம்." அமுக்கினாள், கார் பாய்ந்தது, ஒரு வளைவு, அடுத்த வளைவு, பாலம், நிறுத்துவது எது என்று அவன் சொல்லவில்லையே என்று நினைப்பதற்குள் சுவர் வந்தது, மோதியது. மோதியதும் அவள் கைகளுக்குள் அது உயிர் வந்தது போல நடுங்கியது. ஐயோ என்று கத்தியே விட்டாள். "அதிரும் மேடம், அதுக்குத்தான் மோட்டார் வெச்சிருக்கான், இடிச்சா கைக்குத் தெரியணும்ல" என்றான் பர்வேஸ். நடுக்கம் நின்ற பிறகும் உள்ளங்கையில் அது போகவில்லை. இந்த நடுக்கத்தை எங்கேயோ பிடித்திருக்கிறாள். எங்கே? பதினாலு மாதத்துக்கு முன்னால், சாயங்காலம், வாசல். அவர் டிபன் கேரியரை நீட்டினார். கேரியர் கடகடவென்று சத்தம் போட்டது, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில். இரும்பைத் தடவிப் பிசகு சொல்கிற கை அப்படி ஆடிக்கொண்டிருந்தது. அவள் பிடியை வாங்கியபோது அந்த ஆட்டம் அவள் கைக்கும் ஏறியது, இதே மாதிரி, மணிக்கட்டு வரைக்கும். என்ன சொன்னாள் அப்போது? "குழம்பு கொட்டப் போகுது, ஒழுங்காப் புடிங்க." அதைத்தான் சொன்னாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கம்பெனி மூடியதை ராத்திரி செய்தியில்தான் தெரிந்துகொண்டாள். ஒரு வார்த்தை கேட்காத ஆள் அந்த வீட்டில் அவர் மட்டும்தானா? போதும், போதும், கடையில் உட்கார்ந்துகொண்டு என்ன யோசனை இது, தொந்திக்காரன் பார்க்கிறான்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு மேடம். வயர் வெச்சதா, இல்லாததா, அதை மட்டும் சொல்லுங்க" என்றான் பர்வேஸ் மறுபடியும். விட மாட்டான் போலிருக்கிறது. வயர் இல்லாததுதான் நல்லது, எங்கே வேண்டுமானாலும் சாய்ந்து உட்காரலாம் என்றான். வேதவல்லி போனை எடுத்தாள். இதை அவரையே கேட்டுவிடலாம், அவருக்கு இதுவும் தெரியாது, 'ம்' என்பார், அதோடு போவதற்கு ஒரு காரணம் கிடைக்கும், 'ம்' என்றுதான் சொன்னார் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். மணி நாலு தடவை அடித்தது. எடுத்ததும் பின்னால் என்ஜின் உறுமல் கேட்டது.

"நான்தாங்க."

"ம்."

"வண்டி எங்க போயிட்டிருக்கு?" கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் பதினாலு மாதத்தில் இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"ஸ்டாண்டுல போடறேன், இரு." உறுமல் நின்றது. "சொல்லு."

"கடையில நிக்கிறேன். அந்தக் கையில புடிச்சு ஓட்டறது வாங்க வந்தேன். வயர் வெச்சது வேணுமா, இல்லாதது வேணுமா?"

"எனக்கா?"

"பின்ன, எதிர்வீட்டுக்காரருக்கா?"

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "வயர் வெச்சதே போதும் வேதா" என்றார்.

"இல்லாததுதான் நல்லதாம். கடைக்காரர் சொல்றார்."

"அதுக்கு சார்ஜ் போட்டு வெக்கணும். நான் மறந்துடுவேன். ஞாபகப்படுத்த வீட்டுல ஆள் இருக்காதே."

பர்வேஸ் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வேதவல்லிக்கு அவன் விரல்கள் மட்டும் தெரிந்தன, சுற்றிச் சுற்றி. "இருக்காதுன்னா?" என்றாள்.

"ஆர்டரைப் பாத்தேன். கட்டுல கூட்டல் போடும்போது."

கூட்டல். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து விடைத்தாளுக்கெல்லாம் மார்க்கைக் கூட்டி முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதுவது அவர் வேலை, அதன்மேல் சிவப்பு மையில் எழுதுவது அவள் வேலை. டீச்சர் வீடுகளில் எல்லாப் புருஷனும் செய்கிற வேலைதான். இந்தத் தடவை அவள் கொடுக்கவில்லை, கோபத்தில். அவர் தானாகவே எடுத்துப் போட்டிருக்கிறார். அந்த வீட்டில் ஒரு காகிதத்தை ஒளிக்க, அவர் கை படாமல் இருக்கவே இருக்காத ஒரே கட்டைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அவள் ஒற்றை முடிச்சுப் போடுகிறவள், கல் முடிச்சு அவருடையது. இது தெரியாதவளா, இருபத்தெட்டு வருஷம் கூடவே இருந்தவள்? மக்கு என்று யாரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்?

"எப்பப் பாத்தீங்க?"

"செவ்வாக்கிழமை. வேணாம்னு எழுதின லெட்டரையும் பாத்தேன். அதைக் குடுத்துடாத." நிறுத்தினார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி எவ்வளவு நாளாயிற்று. "முப்பத்தோராவது பேப்பர்ல ரெண்டு மார்க் விட்டுட்ட. போட்டா அந்தப் பொண்ணு பாஸ். மாத்திடு. அப்புறம், இந்த மேப்புல உன் கடையநல்லூர் வழியா தென்காசி வரைக்கும் ரோடு இருக்கு. நேத்து அந்தப் பக்கம் ஓட்டிப் பாத்தேன். ஊர் நல்லாத்தான் இருக்கு, மலையெல்லாம் தெரியுது. ஒரு இடத்துல லெஃப்ட்ல திரும்பியே ஆகணும், சுத்திட்டு வர்றதுக்கு வேற ரோடு இல்ல. அதோட திரும்பி வந்துட்டேன்."

ஏ பட்டன், ஏ பட்டன் என்று நாக்கு நுனியில் அது நின்றுகொண்டிருந்தது, காலையிலிருந்து தீட்டி வைத்த ஏளனமெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு நாளாக அவளுக்கு எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார், 'ம்' என்றிருக்கிறார். அவள் அந்த வாக்கியத்தை விழுங்கினாள். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் விழுங்கிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"வயர் இல்லாததுதான் வாங்கறேன்" என்றாள்.

"மறந்துடுவேன்னு சொல்றேன்ல."

"மறங்க. உங்களை யாரு ஞாபகம் வெச்சுக்கச் சொன்னா? நாளைக்கு ராத்திரி ரயில்ல கிளம்பறேன். அங்கேருந்து நான் கேப்பேன். ஸ்கூல் விட்டு வந்ததும் தினம் போன் பண்ணி, சார்ஜ் போட்டீங்களான்னு கேப்பேன். எடுக்கணும். 'ம்'னு சொல்லக் கூடாது. போட்டேன், போடலைன்னு வாயைத் திறந்து சொல்லணும்."

"ம்" என்றார் சிகாமணி. உடனே, "சரி" என்றார்.

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள், தூசி, இந்தத் தெரு முழுக்கத் தூசி. பர்வேஸ் நல்ல வியாபாரி, நேரம் பார்த்துப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினான். "இது எடுத்துக்கங்க மேடம். பெரிய பேட்டரி. ஒரு தடவை சார்ஜ் போட்டா நாப்பது மணி நேரம் நிக்கும், வாரம் பூரா கவலையே இல்ல."

"வேணாம்" என்றாள் வேதவல்லி. "ஒரு நாளைக்கு மேல நிக்காதது இருக்கா?"

"என்ன மேடம்?"

"ஒரு நாள்ல தீந்து போறது. இருக்கா, இல்லையா?"

அவன் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "பழைய மாடல் ஒண்ணு கிடக்கு. எட்டு மணி நேரம் வந்தா அதிகம். யாரும் எடுக்க மாட்டாங்க மேடம், தினம் சார்ஜ் போடணும்."

"அதைக் குடுப்பா" என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓட்டிப் பார்க்கக் கையை நீட்டினாள்.